கொழும்பு ஈரத்தில் கட்டெறும்பு வளர்ப்பது

கொழும்பில் ராணி எறும்பு தேடுகிறவர்களுக்கு ஒக்டோபர், நவம்பர் மாதத்துப் பின்னேரங்கள்தான் நல்ல காலம். பகல் முழுக்கப் புழுங்கி, நாலு ஐந்து மணிக்கு இடியோடு ஒரு மழை கொட்டி ஓய்ந்த பிறகு, தொடர்மாடி நடைபாதை லைட்டுகளுக்குக் கீழே குனிந்து பாருங்கள். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வரும் இடிமழையும் இப்படித்தான். விழுந்து கிடப்பதில் முக்கால்வாசி ஈசலாக இருக்கும், பல்லிகள் அவற்றைப் பொறுக்கத் தொடங்கியிருக்கும், ஆனால் அந்தக் கும்பலுக்குள் இடுப்புச் சிறுத்து, உணர்கொம்பு நடுவில் மடங்கி, நெஞ்சுப் பகுதி மட்டும் பருத்த ஒன்று வேகமாக நடந்து போனால் அது எறும்பு. ஈசலுக்கு நாலு சிறகும் ஒரே நீளம், எறும்புக்கு முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. சிறகு உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் சின்னத் தழும்பு தெரிகிற பெரிய எறும்பு என்றால் பெரும்பாலும் அது இணைசேர்ந்து முடித்த ராணி. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் இணைசேராமலே சிறகை உதிர்க்கிற ராணிகளும் உண்டு, சிறகோடு இருந்தே நல்ல முட்டை இடுகிறவையும் உண்டு. முதல் வேலைக்கார எறும்பு வெளியே வரும்வரை நிச்சயமாகத் தெரியாது.

நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது கம்போனோட்டஸ் வகையைச் சேர்ந்த ஒரு ராணியும் அவளுடைய சின்னக் குடும்பமும். வீட்டில் எல்லோரும் கட்டெறும்பு என்று சொல்கிற வகைதான். இதைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று எனக்குப் பட்டதற்குக் காரணம் ஒன்றுதான். இணையத்தில் கிடைக்கிற எறும்பு வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள், தங்கள் தோட்டத்தில் கிடைக்கிற லாசியஸ் நைகர் மாதிரியான எறும்பை மனதில் வைத்து எழுதியவை. ஒக்டோபரில் குளிர்சாதனப் பெட்டியில் வை, மார்ச்சில் வெளியே எடு, அடியில் வெப்பக் கம்பி போடு, தண்ணீர் வற்றிவிடாமல் பார் என்று அதில் இருக்கும். கொழும்பில் ஆண்டு முழுக்க 27, 28 பாகை செல்சியஸ்தான் சராசரி. நம்முடைய எறும்புக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது, வெப்பக் கம்பி வேண்டாம், தண்ணீர் இலேசில் வற்றவும் வற்றாது. நமக்குள்ள தொல்லைகள் வேறு: ஈரம், மற்ற எறும்புகள், கொசு மருந்து. இந்த மூன்றைப் பற்றியும் அந்தக் குறிப்புகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

முதலில் குழாயைச் சொல்லிவிடுகிறேன், அது எல்லா நாட்டுக்கும் பொது. பள்ளிக்கூட விஞ்ஞான கூடத்தில் பார்த்த அதே சோதனைக்குழாய். மூன்றில் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஊற்றி, பஞ்சை நன்றாக உருட்டித் தண்ணீரைத் தொடும்வரை தள்ளி அடைத்து, மிச்ச இடத்தில் ராணியை விட்டு, வாயை இன்னொரு பஞ்சால் இறுக்கமில்லாமல் மூடவேண்டும். இருட்டில் வைக்கவேண்டும். அவ்வளவுதான். கம்போனோட்டஸ் ராணி முதல் பிள்ளைகள் வளரும்வரை எதுவும் சாப்பிட மாட்டாள். இனிமேல் பறக்கத் தேவையில்லை என்பதால் பறப்பதற்கு இருந்த நெஞ்சுத் தசையையே கரைத்து, உடம்பில் சேர்த்த கொழுப்பையும் கரைத்து, அதிலிருந்துதான் குடம்பிகளுக்கு, அதாவது முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்கு, ஊட்டுகிறாள். ஒருமுறை பறந்து இணைசேர்ந்தபோது கிடைத்த விந்தை உடம்புக்குள் ஒரு சின்னப் பையில் சேமித்து, வாழ்நாள் முழுக்க அதைக் கொண்டே பெண் முட்டைகள் இடுகிறாள். ஐரோப்பாவில் வளர்ப்பில் இருந்த ஒரு லாசியஸ் நைகர் ராணி 28 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்ததாகப் பதிவு இருக்கிறது. ஒரு மழைநாளில் லைட்டுக்குக் கீழே பொறுக்கிய உயிர் நம்மோடு எத்தனை வீடு மாறும் என்று யோசித்துவிட்டுத்தான் குழாயில் விடவேண்டும்.

குழாயில் தண்ணீர்ப் பக்கம் காற்றுக் குமிழி எதுவும் இருக்கக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் நம்முடைய வீடுகளில் இதனால்தான் குழாய் வெள்ளக்காடாகிறது. இரவில் ஏசி போட்டு அறை குளிர்கிறது, காலையில் நிறுத்துகிறோம், மத்தியானம் கடல் பக்கச் சுவரில் வெயில் ஏறுகிறது. அந்தக் குமிழியில் உள்ள காற்றுச் சூட்டுக்கு விரிந்து தண்ணீரைப் பஞ்சுக்கூடாகத் தள்ளிவிடும். சூடும் குளிரும் மாறிமாறி வந்தால் கண்ணாடிச் சுவரில் வியர்வை வேறு படியும், முட்டைகள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஏசி இல்லாத அறை, வெயில் படாத உள்சுவர், அலுமாரியின் கீழ்த்தட்டு. ஒரே மாதிரியான சூடு போதும், எத்தனை பாகை என்று அளந்து பார்க்கத் தேவையில்லை. பஞ்சில் கறுப்பாகவோ மஞ்சளாகவோ பூஞ்சணம் பிடிக்கும், கொழும்பில் பிடிக்காமல் இருக்காது. அதைப் பார்த்தவுடன் பயந்து ராணியை வேறு குழாய்க்கு மாற்றுகிறவர்கள் பலர். அவளுக்குப் பூஞ்சணத்தைவிட அந்த மாற்றம்தான் பெரிய தொந்தரவு. பூஞ்சணம் முட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும், புதிய குழாயொன்றை வாயோடு வாய் வைத்து இணைத்து, பழையதில் வெளிச்சம் பட விட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவளாகவே போவாள்.

அதிர்வையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வெள்ளவத்தையில் ஒரு பக்கம் கரையோர ரயில், இன்னொரு பக்கம் காலி வீதி பஸ். எறும்பு ஒலியைக் காற்றில் கேட்பதைவிட நிலத்து அதிர்வாக உணர்வதுதான் அதிகம். குழாய்க்கு அடியில் ஒரு துண்டு ஸ்பொஞ்சோ மடித்த பழைய துவாயோ வையுங்கள். குழாயைச் சுற்றிச் சிவப்பு செலோபேன் தாள் சுற்றினால் எப்போதாவது பார்க்கும்போது அவள் கலவரப்பட மாட்டாள், பெரும்பாலான எறும்புகளுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது. வெசாக் காலத்தில் விளக்குக் கூடு கட்டுவதற்காகப் புறக்கோட்டையில் விற்கிற அதே தாள்தான், ஒரு தாள் வாங்கினால் பல ஆண்டுக்குப் போதும்.

அப்புறம் காத்திருப்பு. நம்முடைய சூட்டில் முட்டை இட்டதிலிருந்து முதல் வேலைக்காரி வெளியே வர ஏறக்குறைய ஒன்றரை மாதம். முட்டை, குடம்பி, பிறகு பழுப்பு நிறத்தில் அரிசி மாதிரி ஒரு கூடு. எறும்பு முட்டை என்று பலர் காட்டுவது இந்தக் கூட்டைத்தான், உண்மையான முட்டை அதைவிட எவ்வளவோ சிறிது. கூட்டின் ஒரு முனையில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே உள்ளது நல்லபடி வளர்கிறது என்று அர்த்தம். குடம்பியாக இருந்த காலம் முழுக்க வயிற்றில் தங்கிய கழிவை அது ஒரே தடவையில் வெளியேற்றி வைத்த இடம் அது. வாரம் ஒருமுறைக்கு மேல் எடுத்துப் பார்க்கக்கூடாது. தொந்தரவு கூடினால் ராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடுவாள், அது கொடூரம் இல்லை, இந்த இடம் பாதுகாப்பில்லை என்று அவள் எடுக்கிற முடிவு, முட்டையில் போட்ட சத்தை அவள் திரும்ப எடுத்துக்கொள்கிறாள்.

முதல் பிள்ளைகள் மிகவும் சின்னன். பட்டினி கிடந்த தாய் ஊட்டி வளர்த்தவை, அதனால் உடம்பு சிறிது, பயமும் அதிகம். ஆனால் அவை வந்த நாளிலிருந்து ராணியின் வாழ்க்கையே மாறிவிடுகிறது. இனி முட்டை இடுவது மட்டும்தான் அவள் வேலை. முதல் வேலைக்காரி கூட்டிலிருந்து வெளியே வந்து, நிறம்கூடச் சரியாக ஏறாத வெளிர் உடம்போடு மற்றக் கூடுகளைப் பிடித்து நகர்த்தியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. யாரும் அதற்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் சாப்பாடு. இனிப்புக்கு நான் கித்துள் மரத்துப் பாகான கித்துள் பாணிதான் கொடுக்கிறேன், ஒரு பங்கு பாணிக்கு இரண்டு மூன்று பங்கு கொதித்தாறிய தண்ணீர். தேனும் சரி, சீனித் தண்ணீரும் சரி. ஊசி முனையில் எடுத்து, அலுமினியத் தாள் துண்டொன்றில் வைத்தால் போதும், பெரிய சொட்டு விட்டால் அந்தச் சின்ன உடம்புகள் அதில் ஒட்டிச் செத்துவிடும். வளர்ந்த எறும்பு திடமான எதையும் விழுங்காது, சாறாகத்தான் உள்ளே போகும். அதை ஒரு தனிப் பையில் சேர்த்து வைத்து மற்றவர்களுக்கு வாயிலிருந்து வாய்க்குக் கொடுக்கும். புரதம் பெரும்பாலும் குடம்பிகளுக்காக. கொசு மட்டையில் அடிபட்ட கொசு, குட்டிக் கரப்பானின் கால், மழைக்கு விழுந்த ஈசல் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் உறைய வைத்து எடுத்தது. ஈசல் என்றால் அவைக்கு உயிர். கரப்பானைக் கொதிநீரில் போட்டு எடுத்த பிறகுதான் கொடுக்கவேண்டும், உண்ணி வராமல் இருக்க. மருந்தடித்த வீட்டுப் பூச்சியைக் கொடுக்கவே கூடாது. கம்போனோட்டசின் உடம்புக்குள் ப்ளொக்மானியா என்ற பற்றீரியா பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்து, சாப்பாட்டில் இல்லாத அமினோ அமிலங்களைச் செய்து கொடுக்கிறது, அதனால் வாரத்தில் ஓரிரு நாள் புரதம் தவறினாலும் குடும்பம் தாங்கும். தண்ணீர் தவறினால் தாங்காது.

சரி, மற்ற எறும்புகள். இதுதான் கொழும்பில் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து என்று நான் நினைக்கிறேன். தலை கறுத்து, உடம்பு வெளிறி, கண்ணுக்கே தெரியாத அளவில் சமையலறை மேசையில் ஊர்கிற அந்த எறும்பு, டாபினோமா மெலனோசெபலம், நம்முடைய வீடுகளில் எல்லாம் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் பல ராணிகள், சுவர் வெடிப்பு, பிளக் பொயின்ட், புத்தக மட்டை எங்கேயும் குடியேறும். பஞ்சு அடைப்புக்கூடாக நுழைந்துவிடும். நுழைந்தால் இரவோடு இரவாக முட்டையும் குடம்பியும் போய்விடும். பைத்தியக்கார எறும்பு என்று சொல்கிற, கால் நீண்டு திக்குத்திசை இல்லாமல் ஓடுகிற பாராட்ரெசினாவும் அப்படித்தான். கித்துள் பாணி வாசம் அவற்றுக்கு அழைப்பு. அதனால் இனிப்பை நாள் முழுக்க வைக்கக்கூடாது. கம்போனோட்டஸ் இரவில்தான் அதிகம் வெளியே வரும் என்பதால் இரவில் வைத்தால் நன்றாகச் சாப்பிடும், ஆனால் காலையில் உடனே துடைத்து எடுக்கவேண்டும்.

காவலுக்கு அம்மம்மா காலத்து வழிதான். சாப்பாட்டு அலுமாரியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பார்களே, அதே. ஒரு தட்டில் தண்ணீர், நடுவில் கவிழ்த்த கிண்ணம், அதன்மேல் குழாய். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் எறும்பு மிதந்து கடக்க முடியாது. ஆனால் இங்கே டெங்கு இருக்கிறது. தேங்கிய தண்ணீரை வீட்டுக்குள் வைத்திருக்க முடியாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்பதற்காக மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்காகவும். ஈடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் ஒன்றரை வாரம் போதும். எனவே இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவி மாற்றவேண்டும், கழுவாமல் மாற்றினால் தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும். அல்லது தண்ணீரே வேண்டாம், சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். நான் இப்போது எண்ணெய்க்கு மாறிவிட்டேன். வளர்ப்பவர்கள் பெட்டியின் விளிம்பில் பூசுகிற டால்கம் பவுடர், அற்ககோல் கலவை வறண்ட ஊரில் நன்றாக வேலை செய்யும். இங்கே மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் அது ஈரம் இழுத்துப் பிசுபிசுத்து, எறும்பு சாவகாசமாக ஏறிப் போகும். மழைக்காலத்தில் இறுக்கமான மூடியும், அதில் மிக நுண்ணிய வலை ஒட்டிய ஓட்டையும்தான் நம்பத்தக்கது.

எறும்புச் சாக்குக் கட்டியை அந்த அறையில் கோடு இழுக்கவே கூடாது. கொசு வர்த்தியும் அந்த அறையில் வேண்டாம், அதில் இருப்பது பைரெத்ரொயிட் என்ற பூச்சிமருந்து, கொசுவுக்கும் எறும்புக்கும் அது வித்தியாசம் பார்க்காது. டெங்குக்குப் புகை அடிக்க வருகிற நாளில் குழாயைக் காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு மூடி, சன்னலைச் சாத்தி, புகை அடங்கி வீட்டைத் துடைத்து முடித்த பிறகு திறவுங்கள். அந்தப் பெட்டிக்குள் உள்ள காற்று இருபது முப்பது எறும்புக்கு அரைநாள் தாராளமாகப் போதும். எங்கள் வீட்டில் இப்போது புகை வண்டிச் சத்தம் கேட்டால் அம்மாதான் முதலில் கூப்பிடுகிறா: "பிள்ளை, உன்ர எறும்பை எடுத்து வைச்சிட்டியா?" பக்கத்து வீட்டுச் சின்னவன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "அக்கா, இண்டைக்கு எத்தனை?" என்று கேட்காமல் உள்ளே போக மாட்டான்.

எந்த எறும்பைத் தொடக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். நெருப்பெறும்பு, சொலனோப்சிஸ் ஜெமினாட்டா, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே ஊன்றிய ஒன்று, கொட்டும், சின்ன ஓட்டையிலும் தப்பும், தொடர்மாடியில் வேண்டவே வேண்டாம். மரத்தில் ஓடுகிற, நடு உடம்பு சிவந்து தலையும் வாலும் கறுத்த டெட்ராபொனெரா கொட்டினால் சிலருக்கு ஒவ்வாமை கடுமையாகி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரும். முசுறு மாமரத்தில் இருக்கட்டும், குடம்பியின் பட்டு நூலால் இலையைத் தைத்துக் கூடு கட்டி, பல கூடுகளில் இலட்சக்கணக்கில் பெருகுகிற எறும்பை ஒரு பெட்டிக்குள் அடைப்பது அதற்கு நியாயம் இல்லை. தனியாக நடமாடுகிற டயகம்மா என்ற பெரிய எறும்பில் ராணி என்ற உருவமே கிடையாது. இணைசேர்ந்த ஒரு வேலைக்காரி முட்டை இடுகிறாள், மற்றவர்களின் சிறகுமுளை போன்ற சின்ன உறுப்பை வெட்டி விடுகிறாள், வெட்டுப்பட்டவை இணைசேர மாட்டா. அற்புதமான எறும்பு, ஆனால் மழைக்குப் பிறகு தேடி ராணி கிடைக்காது. கம்போனோட்டசுக்குக் கொடுக்கு இல்லை, போமிக் அமிலம் பீச்சும், கடிக்கும், அவ்வளவுதான். மெதுவாக வளரும். முதல் தடவை வளர்ப்பவருக்கு இதைவிட நல்லது இல்லை.

இலங்கையில் 300க்கும் மேற்பட்ட எறும்பு இனங்கள் பதிவாகியிருக்கின்றன. களனிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பேராசிரியர் ஸ்ரீயானி டயஸ் போன்றவர்கள் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த அறிவு அது. அனியூரெட்டஸ் சிமோனி என்ற எறும்பு உலகத்திலேயே இங்கே மட்டும்தான் உண்டு, அதன் துணைக் குடும்பத்தில் உயிரோடு மிஞ்சிய ஒரே இனம். 1955இல் அமெரிக்க எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் இங்கே வந்து இரத்தினபுரிப் பக்கம் கிலிமலைக் காட்டில் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். இப்போது அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். காட்டிலிருந்து எதையும் எடுத்து வராதீர்கள். நடைபாதை லைட்டுக்குக் கீழே காலில் மிதிபடப்போகிற ராணிகளே நமக்கு நிறையப் போதும்.

வெளிநாட்டிலிருந்து வாங்குவதும் விற்பதும் வேண்டவே வேண்டாம். 2025இல் கென்யாவில் இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் உட்பட நாலு பேர் ஏறக்குறைய 5,000 எறும்புகளைப் பஞ்சு அடைத்த குழாய்களில் கடத்தப் பார்த்துப் பிடிபட்டார்கள். மெசோர் செபலோட்டஸ் என்ற பெரிய விதை சேர்க்கும் எறும்பின் ராணிகள் அதில் அதிகம். ஆளுக்கு 10 இலட்சம் ஷில்லிங் தண்டம். நான் பயன்படுத்துகிற அதே குழாய், அதே பஞ்சு. செய்தியில் வந்த அந்தக் குழாய்களின் படத்தைப் பார்த்து எனக்கு மனம் மிகவும் கஷ்டப்பட்டது. ஒவ்வொரு ராணியும் அந்த மண்ணில் ஒரு முழுக் கூட்டமாக ஆகியிருக்கவேண்டியவள். நம்முடைய நெருப்பெறும்பும் இப்படி எங்கிருந்தோ வந்து ஊன்றியதுதானே.

இப்போது என் வீட்டுக் குடும்பம் இன்னும் குழாயில்தான். அழகான கண்ணாடிக் கூடு வாங்கி மாற்றலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஐம்பது வேலைக்காரிகளாவது ஆகும்வரை மாற்றுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இடம் பெரிதானால் ஒரு மூலையில் குடியிருந்து மறு மூலையில் குப்பை சேர்ப்பார்கள், அந்தக் குப்பையில்தான் பூஞ்சணமும் உண்ணியும் தொடங்கும். சாந்தில் செய்த கூடு நம்முடைய ஈரத்துக்குச் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே அக்ரிலிக்கில் காற்றோட்டம் கூட வைத்துச் செய்ய யோசித்துக்கொண்டிருக்கிறேன். கூட்டம் பெருகியபின் பெரிய தலையோடு காவல்காரிகள் வரத் தொடங்குவார்கள். எப்போதாவது நான் வீடு மாறிப் பராமரிக்க முடியாமல் போனால், பிடித்த அதே வளவின் மதிலடியில்தான் விடவேண்டும், வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய் விடக்கூடாது. அடுத்த இடிமழைக்கு முன்னால் ஒரு குழாயில் தண்ணீரும் பஞ்சும் போட்டுக் கதவடியில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், ராணி கிடைக்கிற நேரத்தில் பஞ்சு தேட நேரம் இருக்காது.